யானை முதுகுப் பாறை

இன்று காலை பூச்செடிகளுக்குத் தூவிய சுண்ணாம்பு மழையில் நனைந்து மணக்க, நினைவில் நான் மெர்சிங் பக்கத்தில் அந்தக் கடலோரக் கம்பத்துக்கு, நாங்கள் முன்பு குடியிருந்த சிற்றூருக்கு, போய்விட்டேன். அப்பா அங்கே கல் உடைக்கும் வேலையில் இருந்தபோதுதான் என் தம்பி பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்தான். சுண்ணாம்புக் குன்றின் அடியில் புதைத்தார்கள்.

பாலோ என்ற ஊருக்குக் குடிமாறிய பிறகும் ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் அம்மா என்னை பஸ்ஸில் அங்கே கூட்டிப்போவாள். கண் கூசும் வெள்ளைக் கல், பிளவுகளில் ஊறிச் சொட்டும் தண்ணீர், அலை புகுந்து பெருமூச்சு விடும் குகை, விரலில் மாவு போல ஒட்டும் தூள், இவற்றுக்கு நடுவே யானை முதுகு போலப் புடைத்த ஒரு பாறையின் நிழலில் அவள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். கல்லறை கட்டவில்லை. அந்தப் பாறைதான் அடையாளம்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். குன்றே இல்லை. வெட்டி எடுத்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அம்மா தம்பிக்கு ஊற்றக் கொண்டுவந்த பால் பாக்கெட்டோடு நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஊத்துறது? உனக்கு ஞாபகம் இருக்கும்லா?"

எனக்கும் தெரியவில்லை. கரையோரம் ஓரிடத்தைக் காட்டினேன்.

"இங்கதாம்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து அங்கே ஊற்றினாள்.

"எதுக்கும் இங்கயும் கொஞ்சம் ஊத்திடறேன்" என்றபடி, பால் தீரும்வரை பள்ளத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள்.