ஆட்டோடு சேர்ந்த என் எடை

பிள்ளைகளே, நாங்கள் யட்டவத்த பக்கம் ஆடு வளர்க்கிறோம். ஆட்டின் எடைக்குத் தகுந்தபடிதான் புழு மருந்து கொடுக்க வேண்டும். மிருக வைத்தியர் சொன்ன கணக்கை வைத்து, மகள் ஸ்டெல்லா என் போனுக்கு ஒரு செயலி செய்து தந்தாள். எடையைப் போட்டால் மருந்தின் அளவு வரும்.

எங்கள் குட்டி ரோசி தராசில் நிற்காது. அதைத் தூக்கிக்கொண்டு நானே ஏறி நின்றேன். வந்த எண்ணை அப்படியே போட்டேன். என் எடையைக் கழிக்க மறந்துவிட்டேன். செயலியும் மறுபேச்சில்லாமல் ஓர் அளவைச் சொன்னது.

ரோசியின் வாயைத் திறந்தபோது மனைவி கத்தினாள். "நில்லுங்க! இது ஆட்டுக்கா, ஆனைக்கா?"

ஸ்டெல்லா ஓடி வந்து போனைப் பார்த்தாள். "ஐயோ அப்பா, ஒங்களையும் சேத்துப் போட்டுட்டீங்க! எம்மேலயும் தப்பு இருக்கு. எந்த எண்ணைப் போட்டாலும் வாங்கிக்கிற மாதிரி எழுதிட்டேன்."

அவ்வளவும் உள்ளே போயிருந்தால் குட்டி செத்திருக்கும். மருந்தைத் தள்ளி வைத்தேன். ரோசியோ என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

மகள் செயலியைத் திருத்தியதும், வேண்டுமென்றே அதே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். "இது ஆடா, அப்பாவா?" என்று கேட்டு, அளவு சொல்ல மறுத்துவிட்டது. சிரித்தே விட்டேன். இருந்தாலும் இப்போதெல்லாம் மருந்தை மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.