பூங்காவுக்கு நான் போட்ட பிளாஸ்டர்

தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது, அவர் ஆண்பிள்ளை. விருத்தாசலத்தில் எங்கள் நகரின் தெருக்களில் ஒரு பக்கம் பீங்கான் கம்பெனிகளுக்குப் போகும் லாரி, இன்னொரு பக்கம் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டும் பைக்குகள். ஐம்பது வயதில் புர்கா போட்டுக்கொண்டு ஒருத்தி தெருவில் போவதும் வருவதுமாக இருந்தால் மூன்றாம் நாளே யாராவது, "என்னம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். "சர்க்கரையத் தொலைக்கப் பாக்குறேன், முடியல" என்று பதில் சொன்னேன். சொன்னேனே தவிர, மறுநாள் வீட்டை விட்டு இறங்கப் பிடிக்கவில்லை.

வேறு இடம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மனை பிரித்தபோது வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதி விட்டுவைத்த மூலை நிலம். அதில் ஒரு போர் பம்பு, ஒரு துருப்பிடித்த சறுக்குமரம், மீதியெல்லாம் சீமைக்கருவேலம். ஒரு நாள் காலை வீட்டில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு போய்ப் புதரை வெட்ட ஆரம்பித்தேன். எனக்கு வெட்டத் தெரியாது. கோபம் மட்டும் இருந்தது.

அப்போது தெருவோடு போன ஒருவர் டி.வி.எஸ்ஸை நிறுத்தினார். கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், கிடைத்த பணத்தை வைத்து எங்கள் நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். "தங்கச்சி, அப்புடி வெட்டுனா கைதான் போவும். குடுங்க இப்புடி" என்று அரிவாளை வாங்கினார். அதைத் திருப்பித் தரவேயில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். ஒரு வாரத்தில் பின் தெரு அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பீங்கான் பொம்மை செய்கிறவர். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் முதுகை நிமிர்த்த வந்ததாகச் சொல்லிவிட்டு, வந்ததும் களை பிடுங்கக் குனிந்தார்.

இரண்டு வருஷத்தில் அது பூங்காவானது. யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. சுற்றி நடைபாதை, நடுவில் இரண்டு பெஞ்ச். புங்கன், வேம்பு, பூவரசு என்று இருபத்திரண்டு கன்றுகள். முக்கியமான விஷயம், பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மருமகள், ரேஷன் கடை வீதியில் இருந்து இரண்டு பேர், முழங்கால் வலிக்காரி ஒருத்தி. நடந்துவிட்டு பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். வீட்டுக்கு வெளியே, எந்தக் காரணமும் சொல்லாமல், ஒரு பெண் உட்கார எங்கள் நகரில் அந்த இரண்டு பெஞ்சை விட்டால் வேறு இடம் கிடையாது.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரர்கள் பூங்காவுக்குள் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு நாள் கூட்டம், போகட்டும் என்று விட்டோம். அதுதான் தப்பு. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்பு போட்டார். பயன்பாடு இல்லாமல், பராமரிப்பும் இல்லாமல் கிடக்கும் பூங்கா இடத்தில் ஜல்லி கொட்டி, சிமெண்ட் தளம் போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்குவது பற்றிப் பங்குனி மாதப் பொதுக்குழுவில் முடிவெடுக்கப்படுமாம்.

கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இதைப் படித்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பைப். பராமரிப்பு இல்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பைப்பை அவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பொதுக்குழுவுக்குள் பூங்காவைப் பச்சைப்பசேல் என்று காட்டிவிட வேண்டும் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். வசந்த காலம் வந்தும் எங்கள் கன்றுகள் துளிர்க்கக் காணோம். மண் இறுகிப்போய்க் கிடந்தது. "எங்கூர்ல மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுவோம். மண்ணு பொலபொலன்னு ஆயிடும்" என்றார் அண்ணன். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். உடனே அக்கா, "ஜிப்சத்துக்கு எங்க போவப் போறீங்க? எங்க ஷெட்டுக்குப் பின்னாடி மலை மாதிரி கெடக்குது" என்றார்.

அக்கா சொன்னது சரிதான். பொம்மைக்கான களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றித்தான் வார்ப்பார்கள். பல தடவை ஊற்றியதும் அச்சு தேய்ந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிளாஸ்டரைக் கரைத்து வேறு அச்சு எடுப்பார்கள். பொம்மை செய்யும் வீடுகளின் பின்னால் இந்தப் பழைய அச்சுகள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். அதுவும் ஜிப்சம்தான். அக்கா ஒரு மூட்டை அச்சை இடித்துத் தூளாக்கி வைத்தார்.

நோன்பும் அந்த நாட்களில்தான் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் பொதுச் சூளையில் பொம்மை அடுக்கும் வேலையில் இருந்தார். "ஷெட்டுல செவுத்தோரமா மூட்டை இருக்குது, எடுத்துக்குங்க" என்றார். போய்ப் பார்த்தால் சுவரோரம் இரண்டு மூட்டைகள் இருந்தன. இரண்டிலும் வெள்ளைத் தூள். ஒன்று கொரகொரவென்று இருந்தது, மற்றது சலித்த மைதா மாவு போல. நானா நல்லதை விடுவேன்? அக்கா எவ்வளவு சிரத்தையாக இடித்திருக்கிறார் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே மைதாவை எடுத்தேன். அண்ணன் அன்று நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இருபத்திரண்டு கன்றுகளுக்கும் தாராளமாகப் போட்டேன். தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பரப்பி, மேலே பைப்பைப் பிடித்து நன்றாக நனைத்தேன். கடைசிக் கன்றை முடித்துவிட்டு முதல் கன்றின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலின் சூடு என்று நினைத்துக்கொண்டு, நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் ஒரு வெள்ளைத் தட்டு. காலால் தட்டினால் டக் டக் என்றது. அக்கா ஓடி வந்து குனிந்து தொட்டுப் பார்த்தார். "அடிப்பாவி! இது அச்சு எடுக்க வெச்சிருந்த புது பிளாஸ்டரு!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பழைய அச்சுத்தூள் மண்ணோடு சேரும். புது பிளாஸ்டர் தண்ணீர் பட்டதும் கல்லாகிவிடும். பீங்கான் ஊரிலேயே இத்தனை வருஷம் குடியிருந்துகொண்டு எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இதற்குள் தலைவர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார். 'சிமெண்ட் வேலையை நம் மகளிரே தொடங்கிவிட்டார்கள், நன்றி' என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்தக் கன்றுகள் செத்துப்போகும்.

அண்ணன் கடப்பாரையோடு வந்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "குத்துனா வேரு போயிடும்ண்ணே. பிளாஸ்டரு தண்ணிய குடிக்கும். நல்லா ஊறுனா மெத்துன்னு ஆயிடும், கத்தியாலயே சீவலாம்" என்றார். ஒவ்வொரு தட்டின் மேலும் ஈரச்சாக்கைப் போட்டு ஒரு நாள் ஊறவிட்டோம். பொம்மையின் ஓரத்தைச் சீவுகிற சின்னக் கத்திகளை அக்கா கொண்டுவந்து கொடுத்தார். பிறகு உட்கார்ந்து சீவினோம். பங்குனி வெயிலில், நோன்பு வாயோடு மூன்று நாள். கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். "நீங்க நெழலுக்குப் போங்க தங்கச்சி, நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"நான் போட்டதுண்ணே. நானே எடுக்கறேன்" என்றேன்.

இரண்டாம் நாள் நடக்க வந்த பெண்கள் நடக்கவில்லை. ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று கன்றுகள் போய்விட்டன. பத்தொன்பது பிழைத்தன. அதில் புங்கன்கள் பத்தே நாளில் பளபளவென்று துளிர் விட்டன. அதைப் போட்டோ எடுத்து நானும் குரூப்பில் போட்டேன். சிரிக்கும் முகம் எதுவும் வரவில்லை.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. வீட்டுப் பத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர் மட்டும்தான் கை தூக்கலாம் என்றார்கள். என் வீடு என் வீட்டுக்காரர் பேரில். அவர் குவைத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுக் காட்டினேன். "எங்க வூட்டு ஓட்டு பூங்காவுக்குத்தாங்க. எங்க வூட்ல சொல்றதுதான் என் முடிவு" என்று தெளிவாகச் சொன்னார் மனுஷன். வாய்ஸ் மெசேஜ் செல்லாது என்றார் தலைவர். அக்கா வீடு அவர் மாமனார் பேரில். பெஞ்சில் உட்காரும் பெண்களில் ஒருத்தி பேரிலும் வீடு இல்லை.

அண்ணன் எழுந்தார். "ஒருதரம் நெலத்தக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தவன் நான். ரெண்டாந்தரம் குடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பினார். "பராமரிக்கறோம்னு சொல்லிட்டு அங்க என்னா நடந்துதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். நானும் எழுந்தேன்.

"ஆமாங்க, நான்தான் போட்டேன். தெரியாம போட்டேன். போட்டத நானே ஒக்காந்து சீவி எடுத்தேன். நீங்க தெரிஞ்சே போடப் போறீங்க. நாளைக்கி எடுக்கணும்னா யாரு ஒக்காந்து எடுப்பாங்க?"

சிரிப்பு நின்றது. ஆனால் கைகள் நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் பதினாறு. வீட்டுக்கு வந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்ததும் அழுதேன். துக்கத்தில் இல்லை. அந்தப் பதினாறு கைக்காரர்களில் ஒருவர்கூட அந்தப் பூங்காவுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவர் கிடையாது என்கிற கோபத்தில்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஜல்லி லாரி வரும் என்று குரூப்பில் போட்டார்கள். அன்று விடிந்ததும் போய்ப் பம்பைப் போட்டு, வாசலை ஒட்டிய தரையில் பைப்பைத் திறந்துவிட்டேன். பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வழியை மறிக்கவில்லை, கத்தவில்லை. வழக்கம்போல் நடந்தோம். அக்காவும் அண்ணனும் வாசலோரம் களை பிடுங்கினார்கள். லாரி வந்தபோது வாசல் முழுக்கச் சேறு.

டிரைவர் தலையை நீட்டினார். "யம்மா, இதுல எறக்குனா வண்டி மாட்டிக்கும். தலைவருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு. எனக்கு அடுத்த லோடு நிக்குது. எங்க கொட்டறது?"

"யாரு சொல்லி வந்தீங்க?"

"தலைவரு சொல்லித்தாம்மா."

"அப்ப அவரு வூட்டு வாசல்ல கொட்டுங்க. மூணாவது வூடு, பச்சை கேட்டு."

கொட்டிவிட்டார். எங்கள் நகரே எழுந்திருக்கும்படி ஒரு சத்தம். கேட்டை ஒட்டிக் குவிந்த ஜல்லி, உள்ளே நின்ற காரை வெளியே எடுக்க முடியாமல் அடைத்துக்கொண்டது. பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்த தலைவர், குவியலைப் பார்த்துவிட்டு, டிரைவர் கைகாட்டிய பக்கம் நேராக எங்களிடம் வந்தார். பூங்காவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செருப்பு சேற்றில் புதைந்தது.

"எங்க வூட்ல கொட்டச் சொல்ல நீ யாரும்மா?" என்று கத்தினார்.

"நான் யாருமில்லீங்க. பத்திரத்துல என் பேரு இல்ல, என் ஓட்டும் செல்லாது. நீங்கதான சொன்னீங்க? யாருமில்லாதவ சொன்னதக் கேட்டு டிரைவர் கொட்டிட்டாரு. அவருகிட்டப் பேசிக்குங்க" என்றேன்.

தலைவர் சேற்றில் புதைந்த செருப்பை இழுத்தார். எனக்குப் பின்னால் பெண்கள் நடப்பதை நிறுத்தியிருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கிறார்கள் என்று தெரிந்தது. லாரியைப் பூங்கா வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, டிரைவர் கேட்டார். "தலைவரே, இன்னும் மூணு லோடு இருக்குது. அதையும் உங்க வூட்டுலயே கொட்டிடட்டுங்களா?"

"வேணாம்பா. நீ போ" என்றார் தலைவர்.

லாரி போனதும் அக்கா பம்பை நிறுத்தப் போனார். வேண்டாம் என்றேன். உள்ளே இருந்த கன்றுகளுக்கு அன்று இன்னும் தண்ணீர் விடவில்லை.