மலையிறங்கி வந்த சிநேகிதி

அவளுடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆறு வருடங்களாக அவளை எனக்குத் தெரியும். பதுளைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அருகில், அவளும் புருஷனும் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார்கள். பின்பக்கம் வீடு. கண்டக்குழிக் கடற்கரையில் நான் காயவைக்கும் கருவாட்டை என் கணவர் லொறியில் மலைக்குக் கொண்டுபோவார். திரும்பும்போது லீக்ஸ், கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றி வருவார். நெத்தலி எவ்வளவு வேண்டும், கட்டா எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குப் போனில் கோல் எடுத்துக் கேட்பது என் வேலை.

கருவாட்டுக் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி அரை மணித்தியாலமும் வெயில், மழை பற்றித்தான்.

“இங்க வெயில் மண்டையப் பொளக்குது புள்ள” என்பேன்.

“இங்க குளிர்ல விரல மடக்க முடியலக்கா” என்பாள்.

யார் அதிகம் கஷ்டப்படுகிறோம் என்று எங்களுக்குள் ஒரு போட்டி. நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அவளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டாள். “அக்கா, அண்ணன் வர்றப்ப ஒரு மேசை ஃபேன் வாங்கி அனுப்புறீங்களா? இங்க டவுன்ல எல்லாம் முடிஞ்சிருச்சாம்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மலைக்கு ஃபேனா! கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் அது மலையேறியது. காற்றெல்லாம் நெத்தலி மணக்கிறது என்று அவள் முறைப்பாடு செய்தாள். ஆனாலும் லயத்துப் பெண்கள் அதன் முன்னால் வந்து நின்றுவிட்டுத்தான் சாமான் வாங்கினார்களாம்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன செய்திகள் மாறத் தொடங்கின. வீட்டுக்குப் பின்னால் வருடம் முழுக்க ஓடிய ஊற்று வற்றிவிட்டது. பனிமூட்டம் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. லீக்ஸ் விரல் தடிப்பில்கூட வருவதில்லை. எங்கள் பக்கமும் லேசுப்பட்டதல்ல. காய வேண்டிய மாதத்தில் மழை கொட்டும். நான் மூடுகிற படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதி மீன் புழுத்துவிடும்.

“உங்கட மழை இங்க வந்து பெய்யுது. வந்து கொண்டு போ” என்று திட்டினேன்.

“லொறில ஏத்தி அனுப்புங்கக்கா!”

பிறகு அந்த மழை வந்தது. மாதக்கணக்காக வராமல் இருந்ததெல்லாம் மூன்று நாளில் கொட்டியது. எங்கள் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கருவாட்டு மூட்டைகளை அலுமாரிக்கு மேல் அடுக்கிவிட்டு அவளுக்குக் கோல் எடுத்தேன்.

“விடவே இல்லக்கா. சமையலறைச் சுவர் வெடிச்சிருக்கு. நேத்து வெடிப்புக்குள்ள கத்தி நுனி போச்சு, இன்னிக்குக் கரண்டிக் காம்பே போகுது” என்று சிரித்தாள். “ஆனா ஒரு அதிசயம். வத்திப்போன ஊத்துல தண்ணி வந்திருச்சு. ஒரே செம்மண் கலரு.”

பக்கத்தில் நின்ற என் கணவர் போனைப் பறித்தார். அத்தனை வருடம் மலை ரோட்டில் ஓடியவர்.

“தங்கச்சி, மலை சரியப் போகுது. கடையப் பூட்டவும் வேணாம். அப்பிடியே எழும்பிப் போங்க. இப்பவே!”

“அண்ணே, சாமானெல்லாம்…”

“சாமான நான் வந்து ஏத்தித் தாறன். ஆக்களக் கூட்டிக்கொண்டு போங்க!”

பக்கத்து வீடுகளையும் தட்டி எல்லோரையும் அழைத்துக்கொண்டு, எதிர்மலையில் இருந்த பாடசாலைக்குப் போனார்கள். பின்னேரம் அந்த வராந்தாவில் நின்றபடியே மலைச்சரிவு இறங்குவதைப் பார்த்தார்கள். லொறியில் கல் கொட்டுகிற சத்தம்போல இருந்ததாம். ஆனால் அது நிற்கவேயில்லையாம். கூட வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். போனில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அண்ணன் ஏத்தித் தர ஒண்ணும் இல்லக்கா.” அன்று நான் அழுததுபோல என் வாப்பா மௌத்தான பிறகு அழுததில்லை.

ரோடு திறந்ததும் என் கணவர் வெறும் லொறியோடு போய் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். கண்டக்குழியின் உச்சி வெயிலில் கம்பளிச் சுவெட்டரோடு இறங்கினாள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ரொம்பக் குள்ளம்.

“கழட்டு புள்ள, அவிஞ்சி போவாய்!”

“இது ஒண்ணுதான்கா மிச்சம். கழட்டினா தொலைஞ்சிடுமோன்னு இருக்கு.”

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு பையோடு வந்திறங்கியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் ‘எப்ப போவீங்க’ என்ற கேள்வி கிடையாது.

மூன்று மாதம் இருந்தார்கள். அவளுடைய புருஷனுக்கு எங்கள் சமமான நிலம் பிடிபடவேயில்லை. “சாஞ்சு நிக்க ஒரு மேடுகூட இல்லீங்களே” என்பார். மழைத் துளி விழுந்தால் எழுந்து எங்கள் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். அதைப் பார்த்து நாங்கள் யாரும் சிரித்ததில்லை. அவள் வேறு மாதிரி. முதல் கிழமையே காகம் விரட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் கிழமை நான் போடும் உப்பு போதாது என்றாள். கடலில் கணுக்கால் வரை நின்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூச்சல். படகுக்காரர்கள் வலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் நெத்தலியைக் கிளறியபடியே சொன்னாள், “நாங்க போகணும்கா.”

எனக்குக் கோபம் வந்தது. “மறுபடியும் அந்த மலைக்கா? என்னத்துக்கு?”

“அந்தச் சரிவுக்குப் போகலக்கா. அங்க யாரும் இருக்கக் கூடாதுன்னு அதிகாரிங்க சொல்லிட்டாங்க. கீழ கடைவீதியில இவரு ஆள் மூலமா ஒரு அறை பார்த்திருக்கார். வீடு போய் முகாம்ல இருக்கிற சனங்க பருப்பே தின்னு நாக்கு செத்துப்போச்சுங்குதுங்க. போன் போட்டு எங்கிட்டதான் கருவாடு கேக்குதுங்க.”

சுவெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லொறியில் ஏறினாள். நானும் கூடவே ஏறினேன். அதுதான் நான் முதல்முறை மலையைப் பார்த்தது. பச்சைச் சரிவின் நடுவே யாரோ கையால் பிய்த்து எடுத்ததுபோல ஒரு நீளச் சிவப்பு. தேயிலைச் செடிகள் வேர் மேலே தெரியத் தலைகீழாகக் கிடந்தன.

“அந்தா, அந்தப் பாறைக்குப் பக்கத்துலதான் வீடு” என்று விரலை நீட்டினாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே என் கையைத் தட்டி, “வாங்கக்கா, சனம் வந்துரும்” என்றாள்.

கடைவீதி அறையில் மூட்டைகளை இறக்கி முடிக்கவில்லை, முகாமிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். பெயர்ப்பலகை இல்லை, சாமான் அடுக்கத் தட்டுகள் இல்லை, தராசு மட்டும் இருந்தது. அவள் பேசிச் சிரித்து ஒவ்வொருத்தியிடமும் வீட்டுக் கதை கேட்டாள். நான் நிறுத்துக் கொடுத்தேன்.