கைக்கு எட்டிய சோப்பு

சோப்பு ஆலையில் எடை பார்க்கும் வேலை அவளுக்கு. எல்லோருக்கும் அவள் தராசக்கா. பதினோரு வருடமாகத் தினமும் கிடங்கிலிருந்து இருபது கட்டிகளை எடுத்து நிறுத்து, நோட்டில் குறித்து வந்தாள். ஒரு கட்டிகூட எடை குறைந்ததில்லை. கடைக்காரர் யாராவது குறை சொன்னால், "முதல்ல உங்க தராசைச் சரி பண்ணுங்க" என்று எகிறுவாள்.

நாற்பது வயதில் தொலைதூரக் கல்வியில் புள்ளியியல் முதுகலை சேர்ந்தாள். "நீயும் பொண்ணும் ஒண்ணா பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கணவர் சிரித்தார். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் படித்தே இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டாள். ஆய்வேட்டுக்கு வேறெங்கும் அலையாமல் தன் நோட்டுகளையே வைத்து எழுதி அனுப்பினாள்.

ஆய்வேடு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: கட்டிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மறுநாள் கிடங்கில் அண்ணாந்து பார்த்தாள். பெட்டிகள் கூரைத் தகரம் வரை அடுக்கியிருந்தன. இத்தனை நாளும் அவள் எடுத்ததெல்லாம் கைக்கு எட்டியவை. ஏணி கேட்டாள்.

"பதினோரு வருஷமா கேக்காத ஏணி இப்ப எதுக்குக்கா?" என்றார் கிடங்குக்காரர்.

"மேல இருக்கிறதும் நம்ம சோப்புதானே."

மேல்வரிசைக் கட்டிகள் தகரச் சூட்டில் காய்ந்து, ஒவ்வொன்றும் ஐந்து கிராம் குறைந்திருந்தன. இருபதையும் நோட்டில் குறித்தாள். பிறகு ஆய்வேட்டைப் பிரித்து, அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதினாள்: "என் உயரம் நாலடி பத்தங்குலம்."