தலாத்துக்குப் போன சிவப்பு நூல்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் இன்றைய வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவின் பழைய வரைபடம் ஒன்று கிடக்கிறது. மடிப்புகளில் நைந்துபோன தாள். அதில் சைகோனிலிருந்து தலாத் என்ற மலை ஊர் வரைக்கும் இரண்டு நூல்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. சிவப்பு நூல் கார் போகும் சாலை, நீல நூல் ரயில் பாதை. சிவப்பை நான் சொல்லித்தான் தைத்தார் ஒரு தையல் டீச்சர். நீலத்தை யாரும் சொல்லாமலே தைத்துக்கொண்டு வந்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இழுப்பறையை நான் தேவையில்லாமல் திறப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுச்சேரியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தராக இருந்தேன். தெற்கே கடலூர், மேற்கே விழுப்புரம். என் கால்கள் கண்ட உலகம் அவ்வளவுதான். ஆனால் அலுவலக அலமாரியில் பூச்சி தின்றது போக மீதியிருந்த பயண வழிகாட்டிகளை முழுக்கப் படித்திருந்தேன். சைகோனில் எந்தத் தெருவில் என்ன மரம் நிற்கிறது என்று சொல்வேன். கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். அந்த வயதில் ஒருவன் கெட்டுப்போக அது போதும்.

அந்தப் பேச்சைக் கேள்விப்பட்டுத்தான் தையல் டீச்சர் வழி கேட்டு எங்கள் மேசைக்கு வந்தார். கன்னியர் பள்ளியில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமான இரண்டாம் ஆண்டே கணவர் தலாத்தில் ஒரு பள்ளி வேலைக்குப் போய்விட்டார். பிறகு எட்டு வருடமாக மாதம் ஒரு கடிதம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ‘நான் எப்போது வரட்டும்?’ என்று இவர் பதில் எழுதியிருக்கிறார். கடைசியில் ‘வா’ என்று வந்துவிட்டது. ‘சைகோனில் இறங்கி ரயிலில்தான் வர வேண்டும். மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனில் நிற்பேன்.’ ‘ரயிலில்தான்’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள்.

அந்தக் கோடுகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் பழைய பஞ்சாங்கம் என்று முடிவு கட்டினேன்.

“ரயில்னா விடிய விடிய உக்காந்து போவணும் டீச்சர். அப்புறம் வண்டி மாறி, பல்சக்கரம் வச்ச இன்னொரு ரயில்ல மலை ஏறணும். காருன்னா காலையில ஏறுனா சாயங்காலம் வூட்டு வாசல். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவணும்னு அவரு நெனச்சிட்டிருக்கும்போது இன்னிக்கே போயி நின்னீங்கன்னா, அவரு மூஞ்சி எப்படி இருக்கும்?”

“நீ விழுப்புரத்தைத் தாண்டியிருக்கியா தம்பி?”

“புஸ்தகத்துல தாண்டியிருக்கேன்.”

“நல்லது. பள்ளத்துல வுழுந்தாலும் புஸ்தகத்துலதான வுழுவ.”

எங்கள் தலைமை எழுத்தரை எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி பெரிய மொசியே, அதாவது பெரிய ஐயா, என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, “இவனுக்கு ஒரு மெர்சி, நன்றின்னு சொல்லிட்டு ரயில்லயே போம்மா. ரெண்டு கோடு போட்டவன் சும்மா போட்டிருக்க மாட்டான்” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டையும் மலையையும் தேயிலைத் தோட்டங்களையும் அரைமணி நேரம் வர்ணித்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாதம் அது.

டீச்சர் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துச் சிவப்பு நூல் கோத்து, நான் கொடுத்த வரைபடத்தில் சாலை மேலேயே ஓட்டுத்தையல் போட்டார். “பேனா கோடு தண்ணி பட்டா போயிடும். இது போவாது.” நானும் விடவில்லை. சைகோன் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதி வாடகைக் காரில் அவருக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன். அவ்வளவு சுறுசுறுப்பாக நான் எந்த நல்ல காரியமும் செய்ததில்லை.

நாலு மாதம் கழித்துச் சைகோன் கப்பலில் வருகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். கடற்கரையில் படகிலிருந்து இறங்கி, புடவை நனைய, நேராக என்னிடம் வந்தார்.

“மொதல்ல நீ உக்காரு தம்பி. வுழுந்துடப் போற.”

அங்கிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கே கொண்டாந்து வுட்டுட்டான் உன் காரு. வாசல்ல ஒரு கைவண்டி. பாயி, சட்டி பானை, பொம்மை எல்லாம் ஏத்தி வச்சிருக்கு. கதவு தொறந்துதான் இருந்துச்சி. உள்ள போனா அவரு ஸ்டூல் மேல நிக்கிறாரு. சுவத்துலேர்ந்து கழட்டுன படம் ஒரு கையில. அதுல அவரு, அந்த ஊரு பொம்பள ஒருத்தி, ரெண்டு புள்ளைங்க. இன்னொரு கையில எங்க கல்யாணப் படம், மாட்டறதுக்கு. என்னைப் பார்த்ததும் எந்தக் கையை எறக்கறதுன்னே தெரியல அவருக்கு.”

அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று கேட்டவன் நான்தானே.

“நீங்க என்ன செஞ்சீங்க டீச்சர்?”

“ஸ்டூல் ஆடிச்சி. ஓடிப்போயி புடிச்சிக்கிட்டேன். அந்தப் பக்கம் படத்துல இருந்தவளும் வந்து புடிச்சா. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சி. நான் வர்றதுக்குள்ள புள்ளைங்களோட கெளம்பிடணும்னு சொல்லியிருக்காரு, காலையிலேர்ந்து அழுதிருக்கா. ரெண்டு பேருமா அவரை எறக்கி வுட்டோம்.”

கைவண்டிச் சாமான்களை டீச்சரே அந்தப் பெண்ணோடு சேர்ந்து திரும்ப உள்ளே வைத்தாராம். அடுத்த கப்பல் வரைக்கும் அங்கே ஒரு கன்னியர் மடத்தில் தங்கியிருந்தாராம். “சைகோனுக்கு ரயில்ல எறங்கினேன். மெதுவாத்தான் போவுது. அழுது முடிக்கறதுக்கு நேரம் வேணும்ல?”

அதற்குமேல் தாங்காமல் கேட்டுவிட்டேன். “ரயில்லயே போங்கன்னு நான் சொல்லியிருக்கணும், இல்லியா?”

டீச்சர் நனைந்த புடவை நுனியைப் பிழிந்தார். “சொல்லியிருந்தா இந்நேரம் அந்த வூட்டுல இருந்திருப்பேன். சந்தோஷமா இருந்திருப்பேன்” என்றார். அது நன்றியா பழியா என்று அவர் குரலில் தேடினேன். இன்றும் தேடுகிறேன். இப்போது நீல நூலும் ஓடியிருந்த வரைபடத்தை என் மடியில் வைத்துவிட்டு நடந்தார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனார். அதன்பின் தெருவில் என்னைக் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது என் வீட்டில் சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம் ரயிலா பஸ்ஸா என்று மகள் கேட்கிறாள். “அம்மாவைக் கேளு” என்று நழுவிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கருத்துச் சொல்லி எழுதிப் பிழைக்கிற அப்பாவுக்கு இதில் ஒரு கருத்தும் இல்லையே என்று அவளுக்கு ஏளனம். போன வாரம் அந்த வரைபடத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நீல நூல் சைகோனில் வந்து இறுக முடிச்சுப் போட்டு நிற்கிறது. சிவப்பு நூலுக்குத் தலாத்தில் முடிச்சு இல்லை. தைத்துக்கொண்டு போன வேகத்தில் அப்படியே விட்ட நுனி, ஒரு விரல் நீளம், தாளுக்கு வெளியே தொங்குகிறது.