மச்சான் சவுண்ட்

சிமெண்ட் கிடங்கில் வந்த மூட்டை எத்தனை, போன மூட்டை எத்தனை என்று கணக்கில் ஏற்றுவதுதான் அவருடைய உத்தியோகம். அங்கே அவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் மனைவி வழிச் சொந்தத்தில் அவர் கொடி பறந்தது. அவர்களுக்கு அவர் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. யார் வீட்டுப் பெட்டி படுத்துக்கொண்டாலும் முதல் போன் அவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பையில் நாலு ஸ்க்ரூடிரைவர், தூசி துடைக்க ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு பென் டிரைவ். காசு வாங்க மாட்டார். திரை பளிச்சென்று வந்ததும் சுற்றி நிற்பவர்கள் "அப்பாடா" என்பார்களே, அது ஒன்று போதும் அவருக்கு.

வேலையும் தெரிந்தவர்தான், குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. அவர் கை பட்ட பெட்டி மறுநாளே மக்கர் செய்தால், தப்பு தன்னுடையது என்று அந்த வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்பார். பிள்ளைகள் கேம் ஏற்றியிருப்பார்கள் என்பார். ஒன்றும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது கடைசி அஸ்திரம்: "நீங்க எதையோ அமுக்கியிருப்பீங்க." கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் இந்தக் குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். எதையாவது அமுக்கத்தானே செய்திருப்பார்கள், பாவம்.

மனைவியின் அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தனிக்கட்டை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, வீட்டிலிருந்தே எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவர் வேலை. காலடியில் ஒரு பெடல். ஒரு மிதி மிதித்தால் பதிவு ஓடும், எடுத்தால் நிற்கும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்ட ஒரு குரல் உண்டு. அதை அவர் தலைதெறிக்கிற வேகத்தில் வைத்திருந்தார். மற்றவர்கள் காதுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அவருக்கு அதில் ஓர் எழுத்து தப்பாது. இத்தனை வருஷத்தில் ஒரு ஃபைல் தாமதமானதில்லை என்று ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வாங்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண் தெரியாதவருக்கு எதற்கு இந்த வேலை என்று முதலில் இழுத்தடித்தவர்கள்தான் அவர்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் புதுச் செயலி வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் அது நொண்டியடித்தது. மதர்போர்டும் பிராசஸரும் மாற்றியாக வேண்டும். கடையில் கேட்டால், மாற்றித் தருகிறோம், ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். மச்சான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்துப் பெயர்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அந்தக் குரலுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். இரண்டு எழுத்து தட்டினால் ஒரு வாக்கியமே வந்து விழும்படி நூற்றுக்கணக்கில் சுருக்கங்கள் செய்திருந்தார். வருஷக்கணக்கான உழைப்பு.

"வச்சது வச்ச இடத்துல இருக்கணும் மாப்பிள்ளை. முடியுமா?" என்று போனில் கேட்டார்.

"ஃபார்மட்டே பண்ண வேணாம் மச்சான். உங்க பொருள்ல ஒரு தூசி நகராது" என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. போர்டில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற டிரைவர்கள் என்று சில உண்டு. பழைய போர்டின் டிரைவர்களை நீக்கிவிட்டால்தான் புது போர்டு சண்டை போடாமல் உட்காரும். அதற்காக மாப்பிள்ளை மவுஸை நகர்த்த நகர்த்த, அந்தக் குரல் பொரிந்து தள்ளியது. பட்டனுக்கு மேலே போனாலும் பேச்சு, கீழே வந்தாலும் பேச்சு. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் தலையைத் திருப்பினார். "குரல் நின்னுடுச்சே?"

"ஒயரை எடுத்து வச்சிருக்கேன் மச்சான். கடைசியில சொருகிடறேன்."

அதற்குப் பிறகு மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போனது முதன்முதலாக அந்தக் காலைப்பொழுதில்தான்.

பழைய போர்டு கழன்றது. புதியது உட்கார்ந்தது. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியை மாட்டி, ஒயர்களைக் கட்டிச் சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு என்னவோ யோசித்தது. ஒருதரம் தானே அணைந்து தானே எழுந்தது. கடைசியில் பழைய திரை அச்சு அசலாக அப்படியே வந்தது. ஒரு ஐகான் இடம் மாறவில்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசித்தார். மருந்துப் பெயர்களின் உச்சரிப்பு இருக்கிறது, சுருக்கங்கள் இருக்கின்றன, ஆஸ்பத்திரிச் செயலி இருக்கிறது. மச்சானுக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இரண்டு தரம் அழுத்தினார்.

சாதனங்களின் பட்டியலில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் குறி இருந்தது. அதை மாப்பிள்ளை பார்த்தார். பார்க்கவில்லை என்று அவர் பின்னால் யாரிடமும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு டிரைவர் விட்டுப்போயிருக்கும், நெட் இருக்கிறது, அதுவாக இழுத்துப் போட்டுக்கொள்ளும் என்று ஜன்னலை மூடினார். அதற்குள் வீட்டிலிருந்து போன், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று. ஸ்பீக்கர் ஒயரைச் சொருகினார். ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

விருந்தாளி வேறு யாருமில்லை, அதே வீட்டு மேல் மாடியில் குடியிருக்கும் சின்ன மாமனார். கூட இன்னும் இரண்டு பேர். சின்ன மாமனார் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். கடைக்காரனால் முடியாததைத் தான் முடித்த கதையை மாப்பிள்ளை நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துத்தான். அந்த நேரம் பார்த்து மச்சானின் போன் வந்தது.

குரல் வரவேயில்லை, பதிவையும் கேட்க முடியவில்லை, நாளைக் காலையில் ஒரு ஃபைல் கொடுத்தாக வேண்டும் என்றார் மச்சான். எல்லார் கண்ணும் மாப்பிள்ளை மேல் இருந்தது.

"நான் கிளம்பறப்ப நல்லாத்தானே இருந்துச்சு மச்சான். நீங்க எதையோ அமுக்கியிருப்பீங்க."

பாதி வாக்கியத்திலேயே அந்த மஞ்சள் குறி அவர் கண்முன் வந்து நின்றது. சவுண்டு பழைய போர்டோடு போய்விட்டது. புது போர்டின் சவுண்டுக்கு டிரைவர் இல்லை. ஒயரைச் சொருகிய பிறகு ஒரு தரம் கேட்டுக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறோம். எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரிந்தும் மீதி வாக்கியத்தை முடித்தார். சின்ன மாமனார் இடிஇடியென்று சிரித்தார்.

"இருக்கும் மாப்பிள்ளை. நான் பாக்கிறேன்" என்று மச்சான் போனை வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். போர்டின் பெயரைப் போட்டுத் தேடினால் டிரைவர் கைமேல் கிடைத்தது. பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு 'மச்சான் சவுண்ட்' என்று பெயர் கொடுத்துப் பத்திரமாக வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு பஸ் நிறுத்தம்தான். ஆனால் இப்போது ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். நாளை சாயந்திரம் போய், ஏதோ பெரிய மனது பண்ணி உதவுகிற மாதிரி சரிசெய்துவிட்டு வரலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவர் போகவில்லை.

திங்கள் காலை அவர் கிடங்குக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "அண்ணன் போன் பண்ணினாரு. நீங்க நல்லாப் போட்டுக் கொடுத்ததை அவருதான் கெடுத்துட்டாராம். நீங்க கோவிச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அன்றைக்கு மூட்டைக் கணக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. மேனேஜர் இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்.

சாயந்திரம் கதவைத் திறந்த மச்சானைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது. நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தலையணை கிடந்தது. விசிறி ஓடுகிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, பெட்டி எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்று கணித்து, தெரிந்த கீயையெல்லாம் வரிசையாக அமுக்கிப் பார்த்தாராம். எந்தக் கீயைத் தப்பாக அமுக்கினோம் என்பதுதான் பிடிபடவில்லை என்று வெட்கத்தோடு சிரித்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, என் கைப்பிசகு, ஃபைல் தயாராகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துச் சொல்கிறார்களாம்.

அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வந்தது வேறு. "சின்ன செட்டிங்தான் மச்சான் மாறியிருக்கு. ரெண்டு நிமிஷம்."

பென் டிரைவைச் சொருகினார். டிரைவரைப் போட்டார். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. பென் டிரைவைத் திறந்து, இன்னும் ஏதாவது ஏற்ற வேண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் கடுகு வெடித்தது.

மச்சானின் முகம் மலர்ந்தது. தாகத்தில் இருந்தவர் செம்பைப் பிடுங்குவதுபோல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எந்த ஜன்னல் திறந்திருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகக் கேட்பது அவர் வழக்கம். கீழ் அம்புக் கீயை ஒரு தட்டு தட்டினார். குரல் படபடவென்று எதையோ சொல்லி முடித்தது. இன்னொரு தரம் தட்டிக் கேட்டார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

மாப்பிள்ளைக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஜன்னலை மூடிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பார்வை இல்லாதவர் வீட்டில் திரையில் எது இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார். "என்ன மச்சான் சொல்லுது?" என்று கேட்டார்.

"ஃபோல்டர் பேரு மச்சான் சவுண்டாம்." மச்சான் இன்னொரு தட்டு தட்டினார். "போட்ட தேதி ஞாயித்துக்கிழமை சாயந்திரம்னு சொல்லுது."

மாப்பிள்ளைக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கரண்ட் மேல் போட முடியாது, வைரஸ் மேல் போட முடியாது. இருபது வருஷமாகக் கையிலிருந்த அத்தனை சாக்கும் தீர்ந்துபோயிருந்தது. இந்த மனுஷன் ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்து தன் விரல்களையே சந்தேகப்பட்டிருக்கிறார். அப்போதெல்லாம் இந்தப் பென் டிரைவ் மாப்பிள்ளையின் பையில் இருந்திருக்கிறது. தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது.

"நான் பார்த்தேன் மச்சான்" என்றார். "ஞாயித்துக்கிழமை மத்தியானமே அந்தக் குறியைப் பார்த்தேன். நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க எதையும் அமுக்கல."

மச்சான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். மேசையில் தடவித் தன் போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் இந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அம்மாவின் எண்ணைப் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை நின்றுகொண்டே பேசினார். நான் அவர் தங்கை வீட்டுக்காரன், தப்பு முழுக்க என்னுடையது, அவர் கைப்பிசகு ஒன்றுமில்லை என்று கிளிப்பிள்ளை மாதிரி இரண்டு தரம் சொன்னார். அந்த அம்மா, அப்படியா, சரி, பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார். கொடுப்போம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மச்சான் பின்னாலிருந்து கேட்டார்: "நேத்து போன்ல நீங்க பேசறப்ப பக்கத்துல ஒருத்தர் சிரிச்சாரே. சித்தப்பாதானே?"

மாப்பிள்ளை ஆமாம் என்றார்.

"அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே மாடியேறினார். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அழைப்பு மணியை அமுக்கியதும் சின்ன மாமனார் கதவைத் திறந்தார்.

"வாங்க கம்ப்யூட்டர் மாப்பிள்ளை! என்னத்த அமுக்கி வச்சிருந்தான் அவன்?" என்று கேட்டுவிட்டு, நேற்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று மாப்பிள்ளை இதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை.

"அவர் ஒண்ணுமே அமுக்கல மாமா" என்றார்.

சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, அந்த மஞ்சள் குறியிலிருந்து ஆரம்பித்தார்.