மாக்கிறட்டின் சில்லுக் கதிரைகள்

கதிரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் சுண்டிக்கொண்டு வருகிறாள் மாக்கிறட். காது சில்லோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒரு கம்பியில் விரல் நின்றுவிடுகிறது. "நீதான் ஆள்," என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கம்பிச் சாவியால் அரைத் திருகு திருகுகிறாள். மறுபடி சுண்டுகிறாள். திருப்தி வந்ததும் சில்லைச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

மன்னார்ப் பட்டினத்தில், பெரிய தெருவிலிருந்து உள்ளே ஒதுங்கி இருக்கிறது அந்தப் பிரெஸ்பிற்றேரியன் சபை. முப்பது குடும்பம்கூடத் தேறாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிளேன்ரீயும் பணிசும் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பார்கள். புதன்கிழமைகளில் சபை மண்டபத்தின் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி நோயாளருக்குக் கஞ்சி காய்ச்சும் பெண்கள். மறுபக்கம், நடக்க முடியாதவர்களுக்குச் சில்லுக் கதிரைகள் திருத்திக் கொடுக்கும் மாக்கிறட்டின் பட்டறை. கஞ்சிக்குள் எண்ணெய் வாசம் வருகிறதென்று கிறேஸ் அக்கா புதன்தோறும் முறைப்பாடு சொல்வார். மாக்கிறட் புதன்தோறும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, "ஒண்டும் இல்லை, உப்புத்தான் குறைவு," என்பாள்.

வயது ஐம்பத்திரண்டு. மெலிந்த உடம்பு, தடித்த மணிக்கட்டு. புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் இறந்தபின் கடையை எப்படி நடத்தினாய் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: "திருத்துற சாவி முதலே என்ர கையிலதான் இருந்தது. அவர் கல்லாவில இருந்தவர்." பிறந்தது பேசாலையில், கத்தோலிக்கக் குடும்பத்தில். கலியாணம் முடித்து இந்தச் சபைக்கு வந்து முப்பது வருஷமாகியும், சுத்தியலை ஓங்குமுன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. அந்த வேளையில் சபையின் வலன்ரைன் மூப்பர் காணாததுபோல் கூரையைப் பார்ப்பார்.

நோயாளியிடம் நோயைப் பற்றி அவள் கேட்பதில்லை. வாசல் எத்தனை அடி அகலம், கிணறு எந்தப் பக்கம், படி உண்டா என்றுதான் கேட்பாள். கதிரை கொடுத்து மூன்று மாதம் கழிந்ததும் சொல்லாமல் போய் நிற்பாள். "கதிரையைப் பாக்க வந்தனான்," என்பாள். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கிறேஸ் அக்கா ஒருமுறை கேட்டார். "ஆளைப் பாக்க வந்தனான் எண்டா 'சுகம்' எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவினம். கதிரையைப் பாக்க வந்தனான் எண்டாத்தான் உண்மை வரும்."

அப்படித்தான் முசலிக் கரைக்கு, மஹ்மூது நாநாவின் வீட்டுக்குப் போனாள்.

மஹ்மூது இருபது வருஷம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியவர். திரும்பி வந்து வீடு கட்டிக் கூரை போட்ட வருஷமே சீனி வருத்தத்தால் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சபைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த புதுக் கதிரைகளில் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. முதுகுப்பக்கத்தில் கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. கையளித்த அன்று படமும் எடுத்தார்கள்.

ஐஸ் லொறியில் தொற்றிக்கொண்டு மாக்கிறட் போய் இறங்கியபோது, கதிரை வேலியோரம் நின்றது. அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஆமினா பதறிப்போய்க் கோழியைத் தூக்க ஓடினாள். "விடுங்கோ, முட்டை உடைஞ்சிடும்," என்று மாக்கிறட் தடுத்தாள்.

உள்ளே கட்டிலில் இருந்தபடி மஹ்மூது கேட்டார்: "பறிச்சுக்கொண்டு போக வந்தீங்களா, தங்கச்சி?"

"கதிரையைப் பாக்க வந்தனான், நாநா."

"பாத்தாச்சுத்தானே. கோழிக்கு நல்ல வசதி. உங்கட ஆக்களுக்கும் படம் கிடைச்சிட்டுது. பிறகென்ன?"

மாக்கிறட் வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலிருந்து தார் ரோட்டுவரை நடந்தாள். இருநூறு அடிக்குக் குறையாத மணல். ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் புதைந்தது. ரோட்டில் ஏறினால் பள்ளிவாசல் கூப்பிடு தூரம். திரும்பி வந்தவளிடம் ஆமினா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "முதல் நாளே தள்ளிப் பாத்தம். பாதியில இறுகிப்போச்சு. மகன்மார் ரெண்டு பேரும் கடலுக்குப் போயிற்றாங்க. ஜும்ஆத் தொழுகைக்குப் போற ஆக்கள் வந்து இவரைத் தூக்கினாங்க. ஒருத்தர் கையிலயும் மற்றவர் காலிலயும் பிடிச்சு... அண்டைக்கு வந்து படுத்தவர்தான். பன்ரெண்டு வெள்ளிக்கிழமை போயிற்றுது."

மூன்று நாள் கழித்து, குஞ்சு பொரித்தபின், கதிரை பட்டினத்துக்கு வந்து சேர்ந்தது. மாக்கிறட் இரும்பறுக்கும் வாளை எடுத்தாள். வலன்ரைன் மூப்பர் குறுக்கே வந்து நின்றார். தபாற்கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு பொருள் யாருடைய பெயரில் வந்ததோ அவரைக் கேட்காமல் அதில் கை வைக்கக்கூடாது என்பவர்.

"பிள்ளை, இது அன்பளிப்பு. தகடு கிடக்குது பார். வெட்டினா அந்தச் சனத்துக்கு நான் என்ன எழுதுறது?"

"ஒருக்கா இதில ஏறி இருங்கோ, மூப்பர். பிறகு எழுதலாம்."

விளையாட்டென்று நினைத்து அவரும் ஏறி இருந்தார். மாக்கிறட் அவரைத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனாள். ரோடு முடிந்து மணல் தொடங்கியதும் முன்னாலிருந்த குட்டிச் சில்லுகள் இரண்டும் புதைந்தன. அவள் இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினாள். எழுபது வயது மூப்பர் முழங்கால் குத்த முன்னால் போய் விழுந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டும்போது அவர் முகம் சிவந்துபோயிருந்தது. தூக்கியவர்களில் ஒருவரையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கதிரையில் ஏறாமல் நடந்தே திரும்பி வந்தார். மண்டப வாசலில் நின்று, "வெட்டு, பிள்ளை," என்றார். தகட்டைத் தானே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதலில் செய்தது சரிவரவில்லை. இரண்டாவது வளைவில் சரிந்தது. அதற்கடுத்த வாரம் முழுக்க அவள் கடையைத் திறக்கவேயில்லை. மூன்றாவதில், பின்னால் ஓட்டோவின் பழைய சில்லுகள் இரண்டு, கையால் உருட்ட அவற்றின் வெளிப்புறத்தில் ஒரு குழாய் வளையம், முன்னால் மண் வண்டியின் தடித்த ஒற்றைச் சில்லு. ரயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்கினாள். தள்ளினால்தான் புதைகிறது, இழுத்தால் ஏறிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தபோது, ஆணி கழற்றிப் பிரித்தெடுக்கக்கூடிய நீளமான இழுகம்பி ஒன்றும் முன்னால் வந்தது. பார்வைக்கு அழகில்லை. "வண்டிலுக்கும் கதிரைக்கும் பிறந்தது மாதிரிக் கிடக்கு," என்றார் கிறேஸ் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அதை முசலிக்குக் கொண்டுபோனார்கள். மஹ்மூது அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது கவிழ்ந்தா?"

"கவிழ்ந்தா நானும் விழுவன், நாநா. கம்பி என்ர கையிலதானே."

"படம் எடுக்க ஆக்கள் வந்திருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லை. லொறிக்காரப் பொடியனும் தேத்தண்ணிக் கடைக்குப் போயிட்டான்."

அவர் ஆமினாவிடம் வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார்.

மாக்கிறட் முன்னால் நின்று இழுத்தாள். ஆமினா பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். தடித்த சில்லு மணலை அமுக்கிக்கொண்டு ஏறியது. பாதி வழியில், முன்பு இறுகி நின்ற இடம் வந்ததும், மஹ்மூது கண்ணை மூடிக்கொண்டார். கதிரை நிற்கவில்லை. தார் ரோட்டில் ஏறியதும் மாக்கிறட் ஆணியைக் கழற்றி இழுகம்பியைப் பிரித்தெடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இனி நான் போவன்," என்றார் அவர்.

குழாய் வளையத்தைப் பிடித்து உருட்டத் தொடங்கினார். கதிரை ஒரு பக்கம் இழுத்தது; நிறுத்தி, நேராக்கி, மறுபடி உருட்டினார். பள்ளிவாசல் பக்கம் திரும்பும் இடத்தில் இன்னொரு தரம் கோணியது. "யா அல்லாஹ்," என்று ஆமினா பின்னால் ஓடப்போனாள்.

மாக்கிறட் இழுகம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் ஆமினாவின் தோளைப் பிடித்து, அவளைக் கடல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். தானும் திரும்பிக்கொண்டாள்.